ஆல்ஃபாவாகவே அடித்தும் பட்டியலில் கீழே: பிராக்டிகல் பிஸ்டல் மேட்சில் எங்கே கோட்டை விடுகிறேன்?

பம்மல்_பாலா (டாலஸ்)
ஞாயிறு, இரவு 9:12

வணக்கம் மக்களே. இங்கே தேடினால் வேட்டை பற்றி ஒரு பழைய இழைதான் வருகிறது. அதனால் புதிதாகத் தொடங்குகிறேன்.

சென்னையில் கல்லூரி நாட்களில் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுட்டவன் நான். ஒற்றைக் கை, 75 நிமிடத்தில் 60 குண்டு, பத்து வளையத்தின் அகலமே 11.5 மில்லிமீட்டர். அந்தப் பயிற்சி கையில் இன்னும் இருக்கிறது. கிரீன் கார்டு வந்த பிறகு க்ளாக் 17 கைத்துப்பாக்கி ஒன்று வாங்கி, மேலே ரெட் டாட் (குறி பார்க்கச் சிவப்புப் புள்ளி காட்டும் கண்ணாடி) போட்டு, நேற்று பக்கத்து கிளப்பின் மாதாந்திர யூ.எஸ்.பி.எஸ்.ஏ. (அமெரிக்க பிராக்டிகல் ஷூட்டிங் சங்கம்) மேட்சில் முதல் தடவையாகச் சுட்டேன். ரெட் டாட் போட்ட துப்பாக்கிகளுக்கான கேரி ஆப்டிக்ஸ் பிரிவு.

ஒரே ஒரு ஸ்டேஜை, அதாவது மேட்சின் ஒரு சுற்றை, எடுத்துக்கொள்வோம். 12 அட்டை, ஒவ்வொன்றிலும் 2 குண்டு, நான்கு இடங்களில் நின்று சுட வேண்டும். என் கணக்கு 22 ஆல்ஃபா (அட்டையின் நடுப்பகுதி), 2 சார்லி (அதைச் சுற்றிய பகுதி). வெளியே போன குண்டு ஒன்றுகூட இல்லை. நேரம் 38.40 வினாடி. ஸ்டேஜை ஜெயித்தவர் என் ஸ்க்வாடிலேயே, அதாவது என் குழுவிலேயே, இருந்தார். அவருக்கு 18 ஆல்ஃபா, 5 சார்லி, 1 டெல்டா (அட்டையின் ஓரப் பகுதி). நேரம் 16.50. அவர் அட்டைக்கு நான்தான் டேப் ஒட்டினேன், ஓட்டைகள் ஊர் முழுக்கச் சிதறிக் கிடந்தன. அவருக்கு 100 சதவீதம், எனக்கு 47.

குறி பார்த்துச் சுடுவதுதானே இந்த விளையாட்டு? இல்லை, ஓட்டப்பந்தயத்தில் துப்பாக்கியைக் கையில் கொடுத்துவிட்டார்களா? வயிற்றெரிச்சலில் கேட்கவில்லை, நிஜமாகவே புரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். சரி, கொஞ்சம் வயிற்றெரிச்சலும் உண்டு.

கொங்கு_ஆஸ்டின்
ஞாயிறு, இரவு 10:03

பாலா, வாங்க. தமிழ்ல இதைப் பேச ஆள் கிடைக்குமான்னு நானும் ரொம்ப நாளாப் பார்த்துட்டு இருந்தேனுங்க.

உங்க ஸ்டேஜையே கணக்குப் போட்டுப் பார்த்துடலாம். ஆல்ஃபா 5 புள்ளி. நீங்க சுடுற 9 எம்.எம். மைனர், அதாவது வலு குறைஞ்ச குண்டுக் கணக்குங்கிறதால சார்லி 3, டெல்டா 1. உங்களுக்கு 110 + 6 = 116. அதை 38.40 ஆல வகுத்தா 3.02. அவருக்கு 90 + 15 + 1 = 106. அதை 16.50 ஆல வகுத்தா 6.42. இதுக்குப் பேருதான் ஹிட் ஃபேக்டர். வினாடிக்கு எத்தனை புள்ளி சேர்த்தீங்கங்கிறதுதான் கேள்வி. அவருடையதுல உங்களுடையது 47 சதவீதம். ஸ்டேஜோட மொத்தப் புள்ளி 120, அதுல 47 சதவீதம்னா 56.4. இதுல யாரும் யாரையும் ஏமாத்தலைங்க.

அட்டையில அவர் உங்களைவிட 10 புள்ளி கம்மி. நேரத்துல உங்களைவிட கிட்டத்தட்ட 22 வினாடி முன்னாடி. 10 புள்ளியை விட்டு 22 வினாடியை வாங்கியிருக்கார்.

அதுக்காக வேகமே எல்லாம்னு நினைச்சுடாதீங்க. அட்டையில படாமப் போனா அது மைக். கிடைக்க வேண்டிய 5 போச்சு, தண்டம் 10, மொத்தம் 15 புள்ளி. ஹிட் ஃபேக்டர் 6 ஓடுற ஸ்டேஜ்ல 15 புள்ளிங்கிறது 2.5 வினாடி. அரை வினாடி மிச்சம் பிடிக்கப் போய் ஒரு மைக் வாங்கினவன் அன்னிக்கு முழுக்க மூஞ்சியைத் தூக்கி வெச்சுட்டுத்தான் இருப்பான். நோ ஷூட், அதாவது சுடக் கூடாத அட்டையில பட்டாலும் தண்டம் 10.

பம்மல்_பாலா
ஞாயிறு, இரவு 10:31

கணக்கு புரிந்தது, நன்றி. மனசுதான் ஒத்துக்கொள்ளவில்லை. பதறாத காரியம் சிதறாது என்று சொல்லிச் சொல்லியே என்னை வளர்த்த கோச் இதைப் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார். நான் விசையை வேகமாக அழுத்தினால் அந்தக் குண்டுகள் எங்கே போகும் என்று எனக்கே தெரியாது.

ஹூஸ்டன்_வாத்தியார்
திங்கள், காலை 6:20

விசையை வேகமாக அழுத்துங்கள் என்று யாரும் இன்னும் சொல்லவில்லையே. 22 வினாடி எங்கே போனது என்று முதலில் பாருங்கள். யாராவது வீடியோ எடுத்திருந்தால் சத்தத்தை வைத்து ஒவ்வொரு குண்டின் நேரத்தையும் எடுத்துவிடலாம். அதைப் போடுங்கள், பிறகு பேசலாம். கண்ணை மூடிக்கொண்டு "வேகமாகப் போ" என்று அறிவுரை சொல்வது யாராலும் முடியும்.

பம்மல்_பாலா
திங்கள், இரவு 8:45

வீடியோ இருந்தது, இரண்டு பேருடையதும். ஆபீஸ் வேலையைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்து எடுத்தேன். தோராயமாகத்தான்.

டிரா, அதாவது பீப் அடித்ததிலிருந்து முதல் குண்டு வரை: நான் 3.1, அவர் 1.5.
ஒரே அட்டையில் முதல் குண்டுக்கும் இரண்டாவதுக்கும் இடையே, 12 அட்டையும் சேர்த்து: நான் 9.6, அவர் 3.0.
நின்ற இடத்திலேயே ஓர் அட்டையிலிருந்து அடுத்ததற்கு, 8 முறை: நான் 9.6, அவர் 3.6.
ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு, 3 முறை, ரீலோடும் (மேகசின் மாற்றுவது) இதற்குள்தான்: நான் 16.1, அவர் 8.4.

பார்த்ததும் கொஞ்சம் அதிர்ச்சி. நான் சுடாமல் இருந்த நேரம்தான் அதிகம்.

கொங்கு_ஆஸ்டின்
திங்கள், இரவு 9:10

பார்த்தீங்களா! மூணே மூணு இடமாற்றத்துல 7.7 வினாடி போயிருக்குங்க. இதுக்கும் உங்க ஏர் பிஸ்டல் கைக்கும் எந்தச் சண்டையும் இல்ல. ஒரு ஆல்ஃபாகூட விட்டுக்கொடுக்காம இதுல பாதியை வாங்கிடலாம்.

வீடியோவுல உங்க காலை மட்டும் பாருங்க. கடைசிக் குண்டு சுட்டதும் ஒரு நொடி நிக்கறீங்களா? அட்டையில பட்டுதான்னு எட்டிப் பார்க்கிற நொடி அது. அப்புறம் துப்பாக்கியை வயித்துக்கு இறக்கிட்டு நடக்கறீங்க. அடுத்த இடத்துல போய் நின்னு, கால் ரெண்டையும் சரி பண்ணி, அப்புறம்தான் துப்பாக்கியைத் தூக்கறீங்க. எல்லாப் புது ஆளும் இதைத்தான் பண்றாங்க. கால் தரையில பதியும்போது டாட் ஏற்கெனவே அட்டை மேல இருக்கணும். அதாவது நுழையறப்பவே துப்பாக்கி கண் மட்டத்துல.

இன்னொண்ணு, ஒவ்வொரு இடத்துலயும் எந்த அட்டையைக் கடைசியாச் சுடறதுங்கிறதை நீங்கதான் முடிவு பண்றீங்க. கிட்டக்க இருக்கிற சுலபமான அட்டையைக் கடைசிக்கு வெச்சா, உடம்பு கிளம்பிட்டே அதைச் சுட்டுடலாம். தூரத்து அட்டையைக் கடைசிக்கு வெச்சா அங்கேயே ஆணி அடிச்சு நிக்க வேண்டியதுதான்.

ரீலோடு எங்க பண்ணினீங்க?

பம்மல்_பாலா
திங்கள், இரவு 9:22

17 குண்டு மேகசினில், ஒன்று சேம்பரில் (குழலின் பின் அறை). மூன்றாவது இடத்தில் 18 முடிந்து ஸ்லைடு பின்னால் நின்றுவிட்டது. நின்றுகொண்டே மாற்றினேன்.

கொங்கு_ஆஸ்டின்
திங்கள், இரவு 9:40

அதாங்க. ஸ்லைடு லாக் ஆகற வரைக்கும் காத்திருக்காதீங்க. நாலு இடத்துல எந்த நடை நீளமோ, அதுல முதல் ரெண்டு எட்டுக்குள்ள புது மேகசின் உள்ள போயிடணும். பழையதுல ஏழெட்டுக் குண்டு மிச்சம் இருந்தா இருந்துட்டுப் போகட்டும், தரையில விழட்டும். நடக்கிற நேரத்துல பண்ற ரீலோடு இலவசம். நின்னு பண்ணினா முழு விலை.

அந்த ஜெயிச்ச ஆளு மேகசின் 141.25 மில்லிமீட்டர் நீளம் இருந்திருக்கும், கேரி ஆப்டிக்ஸ்ல அதுதான் வரம்பு. அதுல 23 பக்கம் பிடிக்கும். சேம்பர்ல ஒண்ணு சேர்த்தா 24, ஸ்டேஜுக்குச் சரியா வந்துடும். அப்படியும் அவர் ஒரு தடவை மாத்தியிருப்பாரு பாருங்க. ஒரு குண்டு அதிகமா சுட வேண்டி வந்தா என்ன பண்றதுன்னு யோசிச்சுத்தான்.

ஹூஸ்டன்_வாத்தியார்
செவ்வாய், காலை 6:05

நடையைப் பற்றிச் சொன்னதெல்லாம் சரி. ஆனால் கொங்கு ஒரு வரியைத் தாண்டிப் போய்விட்டார். ஒரே அட்டையில் இரண்டு குண்டுக்கு இடையே, ஸ்பிளிட் என்பார்கள், அதில் 6.6 வினாடி வித்தியாசம் இருக்கிறது. அதை அப்படியே விட முடியாது.

9.6 ஐ 12 ஆல் வகுத்தால் 0.8. பாலா, ஒரு சந்தேகம். கிட்டத்து அட்டையிலும் தூரத்து அட்டையிலும் இந்த இடைவெளி ஏறக்குறைய ஒன்றாகவே இருந்ததா?

பம்மல்_பாலா
செவ்வாய், மதியம் 12:50

இப்போதுதான் பார்த்தேன். 4 கஜத்தில் இருந்த அட்டைக்கு 0.77. 18 கஜத்தில், நோ ஷூட் பாதி மறைத்திருந்த அட்டைக்கு 0.84.

ஹூஸ்டன்_வாத்தியார்
செவ்வாய், மாலை 6:30

அதுதான் நோய். 18 கஜத்தில், பாதி மறைந்த அட்டைக்கு 0.84 எடுத்தது நியாயம். ஒரு வருடம் கழித்து வேண்டுமானால் குறைக்கலாம். 4 கஜத்தில் ஆல்ஃபா பகுதி உங்கள் உள்ளங்கையைவிடப் பெரிதாக எதிரே நிற்கிறது. அங்கே டாட் அசையாமல் நிற்கும் வரை நீங்கள் காத்திருக்கிறீர்கள். பத்து வளையம் தேடிய கண் அது, அதன் மேல் தப்பில்லை. ஆனால் இங்கே ஒவ்வொரு அட்டைக்கும் எவ்வளவு பார்த்தால் போதும் என்பது வேறு வேறு. கிட்டத்தில் சிவப்பாக ஏதோ பழுப்பு அட்டையின் நடுவே தெரிந்தால் போதும், அழுத்திவிடலாம். 10 கஜத்தில் டாட் ஒரு கணம் நின்றால் போதும். தூரத்தில் மட்டும் உங்கள் பழைய பாடம்.

இன்னொரு பழக்கம், டாட்டைப் பார்க்காதீர்கள். அட்டையில் எந்த இடத்தில் பட வேண்டுமோ அந்த இடத்தைப் பாருங்கள், டாட் தானாக அங்கே வந்து நிற்கும். ஏர் பிஸ்டலில் முன் சைட்டை வெறித்துப் பழகியவர்களுக்கு இது பிடிபடவே சில மாதம் ஆகும். கண்ணைச் சுருக்கவும் வேண்டாம், இரண்டு கண்ணும் திறந்திருக்கட்டும்.

கொங்கு_ஆஸ்டின்
செவ்வாய், இரவு 9:00

வாத்தியாரே, கொள்கையில ஒத்துக்கறேன், வரிசையில ஒத்துக்க மாட்டேன். ஒற்றைக் கையில சுட்டுப் பழகின ஆளுக்கு இடது கைப் பிடி இன்னும் வந்திருக்காது. பிடி இல்லாம 0.3 இடைவெளியில சுட்டா ரெண்டாவது குண்டு மேல பறக்கும். மைக் வாங்கி மனசு உடைஞ்சு போயிடுவார். முதல்ல நடை, டிரா, ரீலோடு. இதெல்லாம் குண்டே இல்லாம வீட்ல பழகலாம். ஸ்பிளிட் அப்புறம்.

ஹூஸ்டன்_வாத்தியார்
செவ்வாய், இரவு 9:25

அப்புறம், அப்புறம் என்று தள்ளிவிட்டு நான்கு வருடமாகத் தரவரிசையில் கீழே, சி வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பலரைப் பார்த்திருக்கிறேன். அழகாக நடப்பார்கள், போய் நின்று தூங்குவார்கள்.

பிடி வேண்டும் என்பதில் மறுப்பில்லை. பாலா, 7 கஜத்தில் ஓர் அட்டை வைத்து ஹோல்ஸ்டரிலிருந்து எடுத்து 6 குண்டு சுடுங்கள், பில் டிரில் என்பார்கள். எல்லாம் ஆல்ஃபாவில் விழும் வரை வேகத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஆறும் மேலே ஏறிக்கொண்டே போனால் இடது கை சும்மா இருக்கிறது என்று அர்த்தம். இடது பக்கமும் கீழேயும் போனால் வலது கை விசையோடு சேர்ந்து இறுகுகிறது. அட்டை பொய் சொல்லாது.

மீனா_ஃபீனிக்ஸ்
புதன், காலை 7:15

அண்ணன்மார் இரண்டு பேரும் சண்டையை முடித்துக்கொண்டால் நான் ஒன்று சொல்லலாமா? மேட்சுகளில் ரேஞ்ச் ஆபீசராக டைமர் பிடிக்கிறவள் நான். "கால் வேகம், ரீலோடு நடையில்" என்று நீங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு வருகிற புது ஆட்களைத்தான் நான் வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது.

பாலா தம்பி, நீங்கள் வலது கைக்காரர். வலமிருந்து இடமாக ஓடிக்கொண்டே ரீலோடு செய்து பாருங்கள், வெற்றுத் துப்பாக்கியோடு. உடம்பு இடப்பக்கம் திரும்பும், கையும் கூடவே திரும்பும். குழல் அட்டைகளுக்குப் பின்னால் இருக்கும் மண்மேட்டை விட்டுவிட்டுப் பக்கவாட்டுக்குப் போகும். உங்கள் இரு பக்கமும் குறுக்கே ஓடும் 180 டிகிரிக் கோட்டைக் குழல் தாண்டிப் பின்பக்கம் போனால் மேட்சே முடிந்தது. மன்னிப்பு, எச்சரிக்கை எதுவும் கிடையாது. "ஸ்டாப்" என்று கத்துவேன், துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துவிட்டு மற்றவர்களுக்கு டேப் ஒட்ட வேண்டியதுதான். அந்தப் பக்கம் ஓடும்போது குழல் அட்டைகளைப் பார்த்தபடி இருக்க வேண்டும், இடுப்புக்குக் கீழ் மட்டும் ஓட வேண்டும். முடியவில்லையா, ஓடாதீர்கள். நடங்கள்.

விரலும் அப்படித்தான். நகரும்போதும் ரீலோடின்போதும் விரல் விசைக் கூட்டுக்கு வெளியே இருப்பது எனக்குக் கண்ணால் தெரிய வேண்டும். "உள்ளே இல்லைங்க" என்று பிறகு சொல்வது செல்லாது.

சேஃப் ஏரியா என்று ஒதுக்கிய இடத்தில் துப்பாக்கியைத் தொடலாம், குண்டைத் தொடக் கூடாது. டம்மி குண்டுகூட ஆகாது. மற்ற இடத்தில் துப்பாக்கி ஹோல்ஸ்டரிலேயே காலியாக இருக்கும். "மேக் ரெடி" என்று நான் சொல்லும் வரை அதன் பக்கமே கை போகக் கூடாது. நம் ஆட்கள் ஆர்வத்தில் நண்பருக்குக் காட்டுகிறேன் என்று பெல்ட்டிலிருந்து எடுத்துவிடுகிறார்கள், ஸ்டேஜ் சுடாமலே வீட்டுக்குப் போகிறார்கள்.

கடைசியாக ஒன்று, ஈயத்தூள். கை கழுவாமல் இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள். வெந்நீர் வேண்டாம், குளிர்ந்த நீரும் சோப்பும்.

பம்மல்_பாலா
புதன், இரவு 8:05

அக்கா, நன்றி. இன்று வீட்டில் வெற்றுத் துப்பாக்கியோடு அந்த இடப்பக்க ரீலோடைச் செய்து பார்த்தேன். நீங்கள் சொன்னது அப்படியே நடந்தது. குழல் நேராக ஃப்ரிட்ஜைப் பார்த்தது.

வீட்டில் பழகுவது பற்றி யாராவது விவரமாகச் சொல்ல முடியுமா? க்ளாக்கில் ஒரு தடவை அழுத்தினால் விசை செத்துவிடுகிறது. ஒவ்வொரு தடவையும் ஸ்லைடை இழுக்க வேண்டியிருக்கிறது.

கொங்கு_ஆஸ்டின்
புதன், இரவு 9:30

டிராவுக்கு அது பிரச்சினையே இல்லைங்க, ஒரு டிராவுக்கு ஒரு அழுத்தல்தானே. அட்டை மாத்திப் பழகும்போது ஸ்லைடு முழுசா மூடாதபடி இஜெக்‌ஷன் போர்ட்ல (காலி ஓடு வெளிய விழற வாய்) ஒரு துண்டு ரப்பர் வெச்சுக்கறாங்க. விசை முழுசா விழாது, ஆனா அசையும். அது போதும்.

குண்டு அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. மேகசின், சேம்பர் ரெண்டையும் பார்த்துட்டு, விரலை விட்டும் தடவிட்டு, அப்புறம்தான் ஆரம்பிக்கணும். முடிச்சதும் "முடிஞ்சுது"ன்னு வாய்விட்டுச் சொல்லிட்டு உள்ள வெச்சுப் பூட்டிடுங்க. "இன்னும் ஒரே ஒரு தடவை"ன்னு திரும்ப எடுக்கிறப்பதான் சுவர்ல ஓட்டை விழறது.

செவுத்துல மூணுல ஒரு பங்கு அளவுல அட்டை ஒட்டிக்குங்க, 3 கஜம் தள்ளி நின்னா 9 கஜம் மாதிரி தெரியும். டைமர்ல பார் டைம், அதாவது ரெண்டு பீப்புக்கு நடுவுல கெடு வெச்சு, முதல் பீப்ல எடுத்து, ரெண்டாவது பீப்புக்குள்ள டாட் அட்டை மேல இருக்கணும். உங்களுக்கு 2.0 லேர்ந்து ஆரம்பிங்க. தினம் பதினஞ்சு நிமிஷம். ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் பண்ணிட்டு மிச்ச நாள் விட்டுடறதுல பிரயோஜனம் இல்ல.

9 எம்.எம். ஆயிரம் குண்டு 250 டாலர் பக்கம் போகுது. வீட்டுப் பயிற்சி மின்சாரச் செலவுகூட இல்ல.

எச்1பி_ஏழுமலை
வியாழன், காலை 10:40

இழையைப் படித்ததும் ஆசை வந்துவிட்டது. எனக்கு எச்1பி தான். வாங்கலாமா? இல்லை, ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடலாமா?

மீனா_ஃபீனிக்ஸ்
வியாழன், மதியம் 1:10

அவசரப்படாதீர்கள். எச்1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே மத்தியச் சட்டம் தடுக்கிறது. சட்ட எண் 18 யூ.எஸ்.சி. 922. விதிவிலக்குகள் உண்டு, செல்லுபடியாகும் மாநில வேட்டை உரிமம் கையில் இருப்பது அதில் ஒன்று. ரேஞ்சில் வாடகைக்கு எடுப்பதும் "வைத்திருப்பது" கணக்கில்தான் வரும். விசாவோடு விளையாடாதீர்கள், வக்கீலிடம் பேசிவிட்டுச் செய்யுங்கள். அதுவரை மேட்சுக்கு வந்து டேப் ஒட்டுங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

நெல்லைச்_சீமை
வியாழன், இரவு 11:50 (இந்திய நேரம்)

அண்ணாச்சி, இதை நம்ம ஊரில் செய்ய முடியாதா?

ஹூஸ்டன்_வாத்தியார்
வியாழன், மதியம் 1:40

இதே வடிவில் கஷ்டம். இந்தியாவில் 9 எம்.எம். தடை செய்யப்பட்ட ரகம், தனியாருக்குப் பொதுவாக உரிமம் கிடைக்காது. பெரும்பாலும் கிடைப்பது .32. இந்த விளையாட்டில் குண்டின் வலுவை அளக்க, கிரெய்ன் (சிறு எடை அளவு) கணக்கில் அதன் எடையையும் வினாடிக்கு எத்தனை அடி என்ற வேகத்தையும் பெருக்கி ஆயிரத்தால் வகுப்பார்கள். மைனருக்கே 125 வேண்டும். .32 ஏ.சி.பி.யில் 71 கிரெய்ன், 900 அடி என்று வைத்தால் 64 தான் வருகிறது. 9 எம்.எம்.இல் 124 கிரெய்னும் 1100 அடியும் 136 தரும்.

வேகமும் குறியும் சேர்ந்த போட்டி வேண்டுமென்றால் 25 மீட்டர் ரேபிட் ஃபயர் இருக்கிறது. ஐந்து அட்டை, ஐந்து குண்டு, கடைசிச் சுற்றில் 4 வினாடி. 2012இல் லண்டனில் விஜய் குமார் வெள்ளி வாங்கியது அதில்தான். அதைச் சுட்டுப் பழகியவர் இங்கே வந்தால் ஏர் பிஸ்டல்காரரைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார் என்பது என் எண்ணம்.

நல்லூரான் (ரொறன்ரோ)
வியாழன், இரவு 11:20

நான் இஞ்ச கனடாவில ஐ.பி.எஸ்.சி. சுட்டனான், இதே விளையாட்டின்ர சர்வதேச வடிவம். நாங்கள் மேட்சுக்குப் போறதுக்கு முதல் பிளாக் பேட்ஜ் எண்டு ஒரு பாடநெறி எடுக்க வேணும். அதில கையாளும் முறையைத்தான் பிழிஞ்செடுப்பினம், வேகத்தைப் பற்றி ஒருத்தரும் கதைக்க மாட்டினம். மீனா சொல்லுறது முழுக்கச் சரி. கைத்துப்பாக்கி மேகசினில பத்துக்கு மேல போடேலாது எண்டதால ரீலோடு எங்களுக்குக் கட்டாயம். அதால எங்கட ஆக்கள் ரீலோடில கெட்டிக்காரர்.

2022 ஒக்டோபர் 21இல கைத்துப்பாக்கி விற்பனையையும் கைமாற்றத்தையும் அரசாங்கம் நிப்பாட்டினது. ஒலிம்பிக் வகைக்கு விலக்கு இருக்கு, எங்கட விளையாட்டுக்கு இல்லை. வைச்சிருக்கிறவை சுடலாம். புது ஆக்கள் வரேலாது. ரேஞ்சில வர வர தலை நரைச்சவைதான் நிக்கினம்.

பாலா தம்பிக்கு ஒண்டு. பிரான்சின்ர எரிக் கிராஃபெல் சுடுற காணொளிகளைத் தேடிப் பாரும். பல தடவை உலகச் சம்பியன். அவசரப்படுற மாதிரியே தெரியாது. தோள் ஆடாது, தலை ஒரே உயரத்தில போகும். பிறகு நேரத்தைப் பார்த்தால் தலை சுத்தும்.

சும்மா_எட்டிப்பார்த்தவன்
வெள்ளி, காலை 8:00

உலகத்தில் கேரம், கிரிக்கெட், பேட்மிண்டன் எல்லாம் தீர்ந்துவிட்டதா? வாரம் ஒரு துப்பாக்கிச்சூடு செய்தி வருகிற நாட்டில் உட்கார்ந்துகொண்டு 0.3 வினாடியில் இரண்டு குண்டு சுடுவது எப்படி என்று பேசுகிறீர்கள். பிள்ளைகள் படிக்கிற தளம் இது.

நல்லூரான்
வெள்ளி, காலை 9:35

தம்பி, உம்மட கோவம் விளங்குது. எங்கட வீட்டில அந்தச் சத்தத்துக்கு வேற அர்த்தம் இருந்தது. என்ர மனிசி ஒரு நாளும் ரேஞ்சுக்கு வந்ததில்லை, நானும் கேட்டதில்லை. துவக்கை வெளியில எடுக்கிறதும் பூட்டுறதும் அவ வேலைக்குப் போன பிறகுதான். பிறகேன் சுடுறாய் எண்டு கேட்டால், சட்டம் ஒழுங்காய் நடக்கிற ஒரு இடத்தில, ஒருத்தரும் ஒருத்தருக்கும் பயப்படாமல், அட்டைக்குச் சுடுறது எனக்குப் பிடிச்சிருக்கு. அதுக்கு மேல விளக்கம் என்னட்ட இல்லை. உமக்குப் பிடிக்கேல்லை எண்டால் அதுவும் நியாயம்தான்.

மட்டுறுத்துநர்
வெள்ளி, காலை 10:02

இதன் பின் வந்த ஆறு பதில்கள் நீக்கப்பட்டன. அமெரிக்கத் துப்பாக்கிச் சட்டம் வேண்டுமா வேண்டாமா என்பதற்கு அரசியல் பகுதியில் இழை இருக்கிறது. இங்கே விளையாட்டு மட்டும்.

பம்மல்_பாலா
மறுமாதம், ஞாயிறு, இரவு 9:50

நேற்று அடுத்த மேட்ச். ஒரு ஸ்டேஜில் 61 சதவீதம் வந்தது. ஆல்ஃபா குறைந்திருக்கிறது, ஒரு மைக்கும் உண்டு. அதை இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. டிரா 1.9 க்கு வந்துவிட்டது. வாத்தியார் சொன்ன கிட்டத்து அட்டைகளில் இடைவெளி 0.4 பக்கம். தூரத்தில் பழையபடிதான் சுட்டேன், அங்கே எதுவும் கெடவில்லை.

கொங்கு சொன்ன "கடைசிக்குச் சுலபமான அட்டை" வேலை செய்தது. நடந்து பார்க்கக் கொடுத்த ஐந்து நிமிடத்தில் நான் முதலில் நினைத்த வரிசையை மாற்றி, ஒவ்வொரு இடத்திலும் கால் எங்கே பதிய வேண்டும் என்று தரையில் ஒரு கல்லையோ புல்லையோ குறித்து வைத்துக்கொண்டேன். என் முறை வரும்வரை கண்ணை மூடி அதையே ஓட்டிப் பார்த்தேன். பீப் அடித்த பிறகு யோசிக்க எதுவுமில்லை. இடப்பக்கம் போகும் இடத்தில் ஓடவில்லை அக்கா, நடந்தேன்.

கிளாசிஃபையர் ஸ்டேஜாக, அதாவது சுடுபவரின் வகுப்பைக் கணிக்கும் ஸ்டேஜாக, எல் பிரெசிடென்டே வைத்திருந்தார்கள். முதுகைக் காட்டி நின்று, திரும்பி, மூன்று அட்டைக்கு இரண்டிரண்டு, ரீலோடு, மறுபடி இரண்டிரண்டு. 9 ஆல்ஃபா, 3 சார்லி, 9.80 வினாடி. இதற்கு எந்த வகுப்பு கொடுப்பார்கள்?

கொங்கு_ஆஸ்டின்
ஞாயிறு, இரவு 10:20

54 புள்ளி, 9.80. ஹிட் ஃபேக்டர் 5.51. பரவாயில்லைங்க. நாலு கிளாசிஃபையர் சேர்ந்தாத்தான் முதல் வகுப்பே தருவாங்க. 40 லேர்ந்து 60 சதவீதம் வரைக்கும் சி, 60 லேர்ந்து 75 வரைக்கும் பி. இப்பவே அதைத் தேடாதீங்க.

அந்த மைக் எந்த அட்டையில?

பம்மல்_பாலா
ஞாயிறு, இரவு 10:28

7 கஜம். திறந்த அட்டை. கிளம்பிக்கொண்டே சுட்டது.

ஹூஸ்டன்_வாத்தியார்
திங்கள், காலை 6:10

கிளம்பிக்கொண்டே சுட்டதா, கிளம்பிய பிறகு சுட்டதா? வீடியோவைப் பாருங்கள். இரண்டாவது குண்டின்போது கண் அடுத்த இடத்துக்குப் போயிருக்கும். கால் கிளம்பலாம், கண் கிளம்பக் கூடாது.

பம்மல்_பாலா
திங்கள், இரவு 8:30

பார்த்தேன். தலையே திரும்பியிருக்கிறது.

கொங்கு_ஆஸ்டின்
திங்கள், இரவு 8:41

நான் சொன்ன யோசனையில வந்த மைக், அதனால அடுத்த மேட்ச் ஃபீஸ் என்னுதுன்னு வெச்சுக்குங்க. வர்ற மூணாவது ஞாயித்துக்கிழமை இங்க எங்க பக்கம் ஆறு ஸ்டேஜ். ஸ்க்வாட் 4ல ரெண்டு இடம் இருக்கு, பிராக்டிஸ்கோர் தளத்துல பதிவை வியாழக்கிழமை ராத்திரி மூடிடுவாங்க. வாத்தியாரும் வரட்டும். காலை ஏழரைக்கே வந்துட்டா ஸ்டேஜ் கட்டக் கை கொடுக்கலாம், அப்படியே அட்டைகள் எந்தக் கோணத்துல நிக்குதுன்னும் பார்த்துக்கலாம். தொப்பி எடுத்துட்டு வாங்க, நிழல் கிடையாது.